அணையக் கூடாத உலைக்கு ஒரு கார்டு

1

காலையிலிருந்து நாங்கள் குடியிருக்கும் லேக் கார்டன்ஸ் பகுதி மொட்டைமாடிகளில் பட்டம் பறக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒலிபெருக்கி கட்டி, இரண்டு பாட்டையே மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இன்று விஸ்வகர்மா பூஜை. ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும் என்றால், நம் ஆயுத பூஜையை இந்த வங்காளிகள் கொஞ்சம் முன்னாடியே, விஸ்வகர்மா என்கிற தேவலோக என்ஜினியர் பெயரில் முடித்துவிடுகிறார்கள். யானைமேல் உட்கார்ந்த சாமி. லேத் பட்டறை, பஸ் டிப்போ, அச்சகம், எங்கெல்லாம் சக்கரம் சுற்றுகிறதோ அங்கெல்லாம் இன்றைக்கு அவர் இருப்பார்.

நான் கல்கத்தாவுக்கு வந்தது இரண்டு வருஷ மாற்றலில். கம்பெனி என்னை அனுப்பியது. பிறகு இங்கிருந்த கிளையை மூடியது. என்னைத் திருப்பிக் கூப்பிட மறந்துவிட்டது, நானும் ஞாபகப்படுத்தவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஊரே தன் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிக்கொண்டுவிட்டது, நான்தான் மாறாமல் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். திண்டுக்கல்லில் என் மச்சான் இன்னும் கேட்பார்: "பாஸ்போர்ட்டே இல்லாம போற எடம் எப்படிய்யா வெளிநாடு ஆகும்?" ஒன்றரை நாள் ரயில்தான். ஆனால் ரேஷன் கார்டில் என் பெயரை ஐந்து முறை எழுதி, ஐந்தும் வேறு வேறு ஆளாக இருக்கிற ஊரை வேறென்ன சொல்வது?

போன வருஷம் இதே பூஜையன்று வாய்ச்சவடாலால் நான் ஒரு தொழிற்சாலையை நிறுத்தினேன். இங்கே எழுதப் போவதில் அது சின்னக் குற்றம்.

2

என் தொழிலைச் சொல்லியிருந்தால் எனக்குப் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். நல்லவேளை, கல்யாணத்துக்குப் பிறகுதான் இதில் இறங்கினேன்.

பெரிய தொழிற்சாலைகளில் ஓர் இரும்பு அலமாரி இருக்கும். திறந்தால் உள்ளே புத்தகம் அடுக்கியதுபோல மின்னணு கார்டுகள் வரிசையாகச் செருகியிருக்கும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எது எப்போது மூட வேண்டும் என்று உத்தரவு போடுவது அவைதான். இவற்றைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி பத்துப் பதினைந்து வருஷம் செய்யும். பிறகு ஒருநாள், இந்த ரகத்தை நிறுத்திவிட்டோம், வருந்துகிறோம் என்று ஒரு பக்கக் கடிதம் வரும். கம்பெனிக்கு அதோடு வேலை முடிந்தது. தொழிற்சாலை அதே அலமாரியை வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். கார்டு செத்தால் என்னைத் தேடுவார்கள்.

நான் எங்கே தேடுவேன்? மூடிப்போன தொழிற்சாலைகளின் சாமான்களில். ஒன்று மூடினால்தான் இன்னொன்றுக்கு உதிரி கிடைக்கும். நான் இந்த வேலையில் இறங்கிய வருஷங்களில் இந்தப் பக்கம் மூடிய கதவுகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லோரும் இந்த ஊரைப் பற்றிப் பெருமூச்சு விட்டபோது எனக்கு மட்டும் சரக்கு வந்துகொண்டிருந்தது.

என் பெரிய வாடிக்கையாளர் ஷ்யாமல்தா. 'தா', 'தாதா' என்றால் அண்ணன். இங்கே அது இல்லாமல் யாரையும் கூப்பிட முடியாது. ஹவுரா பக்கத்தில் ஒரு பாட்டில் தொழிற்சாலையில் கருவிப் பிரிவின் தலைவர். கண்ணாடி பாட்டில், மருந்துக்கும் சாஸுக்கும். அங்கே ஓர் உலை. கண்ணாடி உலை என்பது ஒருமுறை பற்றவைத்தால் வருஷக்கணக்கில் அணையக் கூடாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி பாறையாக இறுகிவிடும், உலைச் சுவரும் பிளந்துவிடும். பிறகு இடிக்கத்தான் வேண்டும். இருபது நிமிஷம் தீ இடப்பக்கத்திலிருந்து அடிக்கும், அடுத்த இருபது நிமிஷம் வலப்பக்கத்திலிருந்து. இந்தத் திருப்பலை அலமாரி கவனித்துக்கொள்ளும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஹவுராவில் மண்டல் பாபு என்கிற பழைய சாமான் வியாபாரியின் குடோனில் ஒரு சாக்கைப் பிரித்தேன். உள்ளே பதினாலு கார்டு. ஷ்யாமல்தா அலமாரிக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற ரகம். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இந்த வியாபாரத்தில் கேட்பது மரியாதைக் குறைவு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு வங்காள எண் இருந்தது, ஒன்றிலிருந்து பதினாலு வரை. ஏழுக்கு மட்டும் வால் நீளமாக, ஆசையாக இழுத்து எழுதியிருந்தது. பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எனக்கு வங்காள எண் தெரியும். என் பழைய பனியனைத் தின்னரில் நனைத்து, பால்கனியில் உட்கார்ந்து தேய்த்து, நகத்தால் சுரண்டி, பதினாலு எண்ணையும் அழித்தேன். நாற்றம் தாங்காமல் என் மனைவி வசந்தா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "பொண்ணுக்குத் தலைவலி வரப்போகுதுங்க. அப்படி என்னத்தத் தேய்க்கிறீங்க?" என்றாள். புதுசு மாதிரி ஆக்குகிறேன் என்றேன்.

ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒரு கார்டு செத்ததும் ஷ்யாமல்தா போன் செய்வார். நான் ஒரு வாரம் அலைவதுபோல நடித்துவிட்டு, பரணிலிருந்து எடுத்துக்கொண்டு போவேன். அவர் என்னை 'ஜாதுகர்' என்பார், மந்திரவாதி என்று. பதினாலாவது கார்டையும் கொடுத்த பிறகு பரண் காலி. மந்திரவாதி அதை வெளியே சொல்லவில்லை.

3

போன வருஷம் விஸ்வகர்மா பூஜைக்கு எப்போதும்போல என்னை அழைத்திருந்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். வருஷத்தில் அந்த ஒருநாள், உலையைக் கைவால்வுகளால் ஆட்கள் பார்த்துக்கொள்ள, அலமாரியை அணைத்துத் தூசி ஊதிச் சந்தனம் வைத்து மாலை போடுவார்கள். இருபது நிமிஷத்தில் திரும்ப ஓட்டிவிடுவார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் ஷ்யாமல்தா, எங்க ஊர்ல ஆயுத பூஜைக்கு வச்ச அருவாளக்கூட மறுநாள் வரைக்கும் தொட மாட்டோம். நீங்க இருபது நிமிஷம் குடுக்கறீங்க. விஸ்வகர்மா என்ன, டீ டயத்துலயா வந்துட்டுப் போறாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் ஒருவர், "மத்ராஸி பாபு சொல்றது நியாயம்தான், பதினஞ்சு வருஷமா உழைக்குது" என்றார். ஷ்யாமல்தா கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டுக்கறி இன்னும் வேகவில்லை. "சரி, நாம சாப்ட்டு முடிக்கற வரைக்கும் தூங்கட்டும்" என்றார்.

மூன்று மணிநேரம். பழைய மின்னணுச் சாமான் வருஷக்கணக்காகச் சூட்டிலேயே இருந்து பழகியது. இருபது நிமிஷத்தில் அது முழுக்க ஆறாது. மூன்று மணிநேரத்தில் ஆறிவிடும். ஆறியதன்மேல் கரன்ட் பாய்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்று மட்டும் சிரிப்பு வாங்கிய மயக்கத்தில் இரண்டாம் முறை கறி போட்டுக்கொண்டிருந்தேன்.

சுவிட்சைப் போட்டார்கள். பட்டாணி வெடிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு அந்த வாசனை. எங்கள் தொழிலில் அதை மூக்கு மறக்காது. தலைமைக் கார்டு போய்விட்டது.

ஷ்யாமல்தா என்னைத் திட்டவில்லை. "ஜாதுகர், இன்னொண்ணு எடு" என்றார்.

4

மறுநாளிலிருந்து ஷ்யாமல்தாவின் ஆட்கள் தீயைக் கையால் திருப்பினார்கள். ஷிஃப்டுக்கு நான்கு பேர். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். இருபது நிமிஷம் ஆனதும் மணி அடிப்பார். மற்றவர்கள் வால்வுச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுவார்கள். ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு முறை. நான் போனபோது ஒருவர் உள்ளங்கையைக் காட்டினார். காட்டிவிட்டு, "மத்ராஸி பாபு, உங்க ஊர் அருவா இப்ப எழுந்துக்கிச்சா?" என்று கேட்டார்.

தலைமை அலுவலகம் தவணை கொடுத்தது. துர்கா பூஜை சஷ்டி வரைக்கும் பார்க்கலாம். அதற்குள் கார்டு கிடைக்காவிட்டால் உலையை ஆறவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். புது அலமாரி வாங்கித் தர அவர்கள் தயாரில்லை. சாஸ் கம்பெனிகள் பிளாஸ்டிக்குக்கு மாறிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அதை ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டே நான் கொடுத்துவிட்டேன். முந்நூறு பேர் வேலை.

கார்டைச் செய்த கம்பெனியின் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் அழகான இங்கிலீஷில் பேசினாள்.

"சார், நீங்க சொல்ற ப்ராடக்ட் எங்க சிஸ்டத்துலயே இல்ல."

"எங்க ஃபேக்டரியில இருக்கும்மா."

"எங்க சிஸ்டத்துல இல்லன்னா இல்ல சார்."

நான் எரிந்துபோன கார்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லாத பொருளுக்கு நல்ல கனம் இருந்தது.

வெளிநாட்டில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் ஒன்று இருப்பதாக ஈமெயில் வந்தது. ஆனால் பயன்படுத்திய சாமானை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். அனுமதி ஆபீசில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த ஒருவர் என் படிவத்தைப் பொறுமையாகப் படித்தார். இந்தச் சாமானுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் என்று, செய்த கம்பெனியே சான்றிதழ் தர வேண்டும் என்றார். அப்படி ஒரு பொருளே கிடையாது என்கிறவர்களிடம் போய் அதற்கு ஆயுள் எழுதி வாங்கி வர வேண்டும். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார், நல்ல மனிதர்.

மண்டல் பாபுவிடமும் போனேன். "அது மாதிரி சாக்கு வாழ்க்கையில ஒருவாட்டிதான் வரும் மோஷாய்" என்றார். மோஷாய் என்றால் ஐயா.

5

பதினாறாவது நாள், வேறு வழியே இல்லை என்ற பிறகுதான் ஷ்யாமல்தா அதைச் சொன்னார். இதே அலமாரியை அதே வருஷத்தில் இன்னொரு பாட்டில் தொழிற்சாலையிலும் வைத்தார்கள். ஊரின் தெற்கே, பெஹாலாவைத் தாண்டி. அங்கே கருவிப் பிரிவில் இருந்த நிமாய்தாவும் இவரும் ஒன்றாகவே பயிற்சி எடுத்தவர்கள். அந்தத் தொழிற்சாலை மூடி ஆறு வருஷம்.

"ஏன் தாதா இத்தன நாளா சொல்லல?"

"எழவு வீட்டுல போய்ச் செத்தவன் சட்டையக் கேக்கச் சொல்றியா?"

மூடிய தொழிற்சாலை நீதிமன்றம் நியமித்த அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. அவருடைய ஆபீசில் ஒரு குமாஸ்தா கோப்புக் கட்டை அவிழ்க்காமலேயே பதில் சொன்னார். "தனியா ஒரு கார்டு விக்க முடியாது மோஷாய். ஒரே லாட். ஃபேக்டரிய மொத்தமா வாங்கிக்கோங்க, கார்டு உள்ளதான் இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாசல்ல யூனியன் ஆளுங்க உக்காந்திருக்காங்க. உள்ள போக அவங்ககிட்ட வழி உண்டு. நான் எதுவும் சொல்லல."

அவர்களுக்குக் கொடுக்க ஒரு கடிதம் வேண்டும். வங்காளம் எனக்குப் பேசத்தான் வரும். என் மகள் நித்யா, கல்லூரி இரண்டாம் வருஷம், எழுத உட்கார்ந்தாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் எழுத்து அவளுக்கு முறுக்கு பிழிந்து வைத்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். வங்காளத்தில் கவிதைப் போட்டியில் பரிசு வாங்குகிறாள். நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, மற்றவர்கள் கை தட்டும்போது தட்டுவேன்.

"சொல்லு, என்ன எழுதணும்?"

"உங்க ஃபேக்டரியில ஒரு கார்டு சும்மாதான் இருக்கு..."

"சும்மா இருக்குன்னு எழுதக்கூடாதுப்பா. அவங்க ஆறு வருஷமா வாசல்ல உக்காந்திருக்காங்க."

"அப்ப எப்படிக் கேக்கறது?"

"எரவலாக் கேளு. ஃபேக்டரி திறக்கற அன்னைக்குத் திருப்பித் தந்துடறோம்னு எழுதறேன்."

"அது திறக்கவே திறக்காதேம்மா."

"அது உனக்குத் தெரியும். லெட்டருக்குத் தெரிய வேண்டாம்."

வசந்தா அடுப்பிலிருந்து திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "இவ யாரு மாதிரிங்க?" என்றாள்.

6

துருப்பிடித்த கேட். பக்கத்தில் நீலத் தார்ப்பாய், கீழே இரண்டு பெஞ்சு, ஒரு கொடி. ஒரு மேஜையில் வருகைப் பதிவேடு. ஆம், அவர்கள் தினமும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்திரண்டு பேர். காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் என்று பிரித்துக்கொண்டு வாசலைக் காத்தார்கள். இயந்திரம் உள்ளே பத்திரமாக இருக்கிறவரைக்கும் யாராவது ஒருவர் வாங்கித் திறப்பார் என்பது கணக்கு.

நிமாய்தா மெலிந்த மனிதர். சட்டைப் பையில் இன்னமும் டெஸ்டர் செருகியிருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"யார் எழுதினது?"

"என் பொண்ணு."

"நல்ல கையெழுத்து." மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஷ்யாமல் கையாலயா திருப்பறான்? இருபது நிமிஷத்துக்கு ஒருதரமா?"

"பதினெட்டு நாளா, தாதா."

பெஞ்சில் இருந்த ஒருவர், ஹாரூதா என்று கூப்பிட்டார்கள், பீடியைக் கீழே போட்டார். "இன்னைக்குக் கார்டு கேப்பாங்க, நாளைக்கு வால்வு, அப்புறம் கூரைத் தகரம். மத்ராஸி பாபு, உங்க ஊர்ல பொணத்துகிட்ட பல்செட்டும் எரவல் வாங்குவாங்களா?"

"நமக்கு உலை அணைஞ்சுபோச்சு ஹாரூ," என்றார் நிமாய்தா. "அவனுது எரியுது. எரியறதுக்குத்தான் குடுக்கணும்."

அரை மணிநேரம் வாக்குவாதம். கடைசியில் பதிவேட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினார்கள்: தலைமைக் கார்டு ஒன்று, இரவல், ஷ்யாமலுக்கு. நான் கையெழுத்துப் போட்டேன்.

முன்கதவில் சீல் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கதவின் சாவி நிமாய்தாவின் பூணூலில் தொங்கியது. உள்ளே போனோம், ஹாரூதாவும் கூடவே வந்தார். கூரை ஓட்டைகள் வழியாக வெயில். உலையின் வாயில் கண்ணாடி பச்சையாக உறைந்து கிடந்தது. கட்டுப்பாட்டு அறையில் நிமாய்தா தன் தோள்பையிலிருந்து மெல்லிய துணி எடுத்து அலமாரியின் கைப்பிடியைத் துடைத்தார்.

"ஆறு வருஷமா திறக்கல. தூசி போகக் கூடாதுன்னு."

திறந்தார்.

காலி. பதினாலு இடமும் காலி. ஒவ்வோர் இடத்தின் மேலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண். ஏழுக்கு வால் நீளமாக, ஆசையாக இழுத்து எழுதியிருந்தது.

நிமாய்தா ஒவ்வொரு பள்ளத்திலும் விரலை விட்டுப் பார்த்தார், உள்ளே தள்ளிப் போயிருக்குமோ என்பதுபோல. "நான்தான் நம்பர் போட்டேன்," என்றார். "பூஜைக்குத் துடைச்சுட்டுத் திரும்ப வைக்கும்போது மாறிடக் கூடாதுன்னு." பின்சுவரில் ஜன்னல் கம்பி இரண்டு வளைந்திருந்தது. அதற்கு வெளியே குளம், ஆகாயத்தாமரை.

ஹாரூதா ஜன்னலருகே போய் வளைந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "நாம வாசல்லதானே உக்காந்திருந்தோம்."

எந்த இடத்திலும் எனக்கு ஏதாவது சொல்ல வரும். சாவு வீட்டில்கூடச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அன்று என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெயின்டைச் சுரண்டிய நகம்.

நிமாய்தா அலமாரியை மெதுவாகச் சாத்தினார். திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இந்த வேலைதானே செய்யறீங்க? எல்லா குடோனுக்கும் போவீங்க. எங்கயாவது கண்ணுல பட்டாச் சொல்லுங்க. சந்தா போட்டு வாங்கிக்கறோம். மத்தவங்களுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம், வாசலுக்கு வர மாட்டாங்க."

கார்டுகளின் ரக எண்ணைப் பதினாலுக்கும் மனப்பாடமாகச் சொன்னார். நான் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கும் அவை மனப்பாடம்தான். இருந்தாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டு எழுதினேன்.

7

தெருமுனை எஸ்டிடி பூத்திலிருந்து ஷ்யாமல்தாவுக்குப் போன் செய்தேன்.

"அலமாரி காலி தாதா."

"எத்தன எடம்?"

"பதினாலும்."

"நீ எனக்கு எத்தன குடுத்த?"

"பதினாலு."

அந்தப் பக்கம் மணி அடிப்பது கேட்டது. "திருப்பணும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சஷ்டியன்று மாலை, ஊரெல்லாம் மேளம் கேட்க ஆரம்பித்த நேரத்தில், திருப்புவதை நிறுத்தினார்கள். கண்ணாடி இறுகும்போது உள்ளே துப்பாக்கி வெடிப்பதுபோலச் சத்தம் கேட்டதாம், நான்கைந்து நாள். நான் போகவில்லை. ஷ்யாமல்தா அதன்பிறகு என்னை ஜாதுகர் என்று கூப்பிடவில்லை. கூப்பிடவே இல்லை.

நித்யா கேட்டாள், லெட்டர் வேலை செய்ததா என்று.

"செஞ்சுதும்மா. சம்மதிச்சுட்டாங்க. கார்டுதான் இல்ல. யாரோ திருடிட்டாங்க."

"சீ, இப்படியும் செய்வாங்களா!" என்றாள், வங்காளத்தில். நானும் வங்காளத்திலேயே, செய்வார்கள் என்றேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லை. அந்த வாசலில் யாருக்கும் தமிழ் தெரியாது. என் வீட்டிலும் படிக்க வசந்தா ஒருத்திதான், அவள் நான் எழுதுவதைப் படிப்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் இருக்கிற உங்களிடம் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். எழுதியாகிவிட்டது, குறைந்ததாகத் தெரியவில்லை.

நிமாய்தா மாதம் ஒருமுறை போன் செய்வார். இன்று காலையும் செய்தார். தார்ப்பாய்க்குக் கீழே சின்னதாகச் சாமி வைத்திருக்கிறார்களாம், பிரசாதம் எடுத்து வைப்பாராம், வர வேண்டுமாம்.

"விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. நாப்பத்திரண்டு பேர்ல பதினோரு பேர்தான் இப்ப கையெழுத்துப் போட வர்றோம்," என்றார். "ஆனா கார்டு கிடைச்சா எல்லாரும் வருவாங்க. நீங்க தேடிட்டிருக்கீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"தேடறேன் தாதா," என்றேன்.